வேப்பமரக் கட்டில்

என் கல்யாணத்துக்கு வந்த கட்டிலைத் தூக்க ஆறு ஆள் வேண்டியிருந்தது. ஆறு வருஷம் கழித்து என்னை வெளியே தள்ள என் மாமியார் ஒருத்தியே போதுமாக இருந்தாள். அவளைப் பற்றி நல்ல வார்த்தை ஏதாவது சொல்லுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

கட்டில் வேப்பமரம். சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வயல் வரப்பில் நின்ற இரண்டு வேம்பையும் வெட்டித்தான் அய்யா எனக்குக் கட்டிலும் அலமாரியும் செய்தார். தங்கச்சி நாகஜோதி அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். "சின்னவளுக்கு மரம் எங்க இருக்கு, செல்லச்சாமி?" என்று யாரோ கேட்டதற்கு, "அவளுக்குன்னு ஒண்ணு முளைக்காமலா போயிரும்" என்றார் அய்யா. முளைக்கவில்லை. முளைத்ததெல்லாம் சீமைக்கருவேலம்தான்.

என் புருஷன் சுரேஷ் வீட்டுக்கு ராமேஸ்வரத்தில் லாட்ஜ். கீழே ரூம்கள், மாடியில் குடித்தனம். கட்டில் படியில் ஏறாது என்று கயிறு கட்டிப் பால்கனி வழியாக இழுத்தார்கள். என் மாமியார் சேதுலட்சுமி கீழே நின்றுகொண்டு, "சுவத்துல இடிக்காம, சுவத்துல இடிக்காம" என்று தொண்டை கிழியக் கத்தினாள். இடிக்கத்தான் செய்தது. கட்டிலுக்கு ஒரு கீறல் இல்லை, சுவர்தான் பெயர்ந்தது. அந்தப் பெயர்ந்த இடத்தைக் காட்டிக் காட்டியே ஒரு வருஷம் என்னைக் குத்தினாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டிலை வேண்டாம் என்று சொன்னது நான்தான். என் ஓரகத்தி ஆன்லைனில் ஒரு கட்டில் வாங்கினாள். மூன்று அட்டைப் பெட்டியில் வந்தது. பூட்டி முடித்தால் வெள்ளை வெளேர் என்று, தலைமாட்டில் லைட்டு, அடியில் துணி வைக்கப் பெட்டி. அதைப் பார்த்துவிட்டு வந்து என் கட்டிலைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருந்தது. பட்டிக்காடு என்று நெற்றியில் எழுதி ஒட்டியது மாதிரி இருந்தது. மூன்று மாதம் சுரேஷின் காதைக் கடித்தேன். கடைசியில் எனக்கும் மூன்று பெட்டி வந்தது. அவன் ஸ்க்ரூவை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். படம் போட்ட பேப்பரைப் பார்த்து நான்தான் ராத்திரிக்குள் பூட்டி முடித்தேன். வேப்பமரக் கட்டில் கீழே ஆறாம் நம்பர் ரூமுக்குப் போயிற்று. வடக்கே இருந்து வரும் யாத்திரைக்காரர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். சேதுலட்சுமி அந்த ரூமுக்கு வாடகையை ஏற்றிவிட்டாள்.

அய்யாவுக்குப் போனில் சொன்னேன். "கட்டிலை லாட்ஜுக்குக் குடுத்திட்டேன்யா. சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு கெடக்கு." "உன் இஷ்டம் தாயி" என்றார்.

கடல் காற்றுக்கு அந்த வெள்ளைக் கட்டில் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஓரமெல்லாம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பியது. ஸ்க்ரூவைத் திருகத் திருக மரத்தூள்தான் கொட்டியது. அதற்குள் என் குடித்தனமும் ஆட்டம் கண்டுவிட்டது. சுரேஷ் மதுரையில் ஒருத்தியோடு குடும்பம் நடத்துவது ஊருக்கெல்லாம் தெரிந்து, கடைசியாக எனக்குத் தெரிந்தது. கேட்டதற்குக் கன்னத்தில் விழுந்தது. மாமியார் என் துணிப்பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள். ஊருக்கு வந்துவிட்டேன்.

வந்த அடுத்த மாதம் நாகஜோதிக்கு ஆர்.எஸ்.மங்கலத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன், பஸ் கண்டக்டர். சீரில் கட்டில் ஒன்று கட்டாயம் வேண்டும் என்றார்கள். அய்யா என்னிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அத்துவிடப் போறப்ப சீர் சாமான் எல்லாம் திரும்பக் குடுப்பாகல்ல. உன் கட்டில் வந்துச்சுன்னா தங்கச்சிக்கு ஆகும். வரலன்னா எனக்கு வேற வழி தெரியல தாயி."

"வரும்யா. நான் கொண்டாறேன்" என்றேன். அவள் வாழ்க்கையாவது ஒழுங்காக அமையட்டும் என்று நான் நினைத்தது சத்தியம். அதை மட்டும் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

என் கல்யாணத்தை அத்துவிடும் பேச்சை லாட்ஜின் முன் ஹாலில்தான் பேசி முடித்தார்கள். எங்கள் பக்கம் அய்யாவும் தாய்மாமன் முனீஸ்வரனும். அவர்கள் பக்கம் நாலு பெரிய மனிதர்கள். சுரேஷ் செல்போனைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. மாமா சீர் லிஸ்டை வாசிக்க வாசிக்கச் சாமான்கள் வந்து இறங்கின. அண்டா வந்தது, குத்துவிளக்கு வந்தது, அலமாரி வந்தது. "கட்டில் ஒண்ணு" என்றதும் அந்த உப்பிப்போன வெள்ளைப் பலகைகளைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார்கள்.

"இது என்னத்தா கூத்து? நாங்க குடுத்தது வேப்பமரம்ல" என்றார் மாமா.

"வேப்பமரத்த ஒங்க பொண்ணுதான் லாட்ஜுக்குத் தூக்கிக் குடுத்தா. அதுக்குப் பதிலா எம்மகன் காசு போட்டு வாங்கினது இது. அவ படுத்த கட்டில் இதுதான். இதத் தூக்கிட்டுப் போங்க" என்றாள் சேதுலட்சுமி.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏத்தா பானு, நீ குடுத்தியா?" என்றார் மாமா.

"நான் குடுக்கல. அவுகளா எடுத்துக்கிட்டாக."

"அடிப்பாவி! நாக்கு அழுகிப் போகும்டி!" சேதுலட்சுமி எழுந்து உள்ளே போனாள். ஒரு தட்டில் வெற்றிலை வைத்து, அதில் சூடம் ஏற்றிக் கொண்டுவந்தாள். "இது ராமநாதசாமி இருக்கிற மண்ணு. நான் குடுக்கலன்னு சொல்லிச் சூடத்த அணைக்கச் சொல்லுங்க. அணைச்சிட்டா கட்டில எடுத்துட்டுப் போகட்டும். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவள் வாயெல்லாம் பொய்தான். அன்றைக்கு மட்டும் பார்த்து உண்மையைப் பேசித் தொலைத்தாள்.

பொய்யாகச் சூடம் அணைத்தால் குடும்பம் விளங்காது. எங்கள் பக்கத்தில் கொலை பண்ணினவன்கூட அதற்குப் பயப்படுவான். நான் அய்யாவைப் பார்த்தேன். போனில் நான் சொன்னது அவருக்குத் தெரியும். அவர் "வேண்டாம் தாயி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். திரும்ப விரித்தார், திரும்ப மடித்தார்.

என் குடும்பம் விளங்கின லட்சணம்தான் தெரியுமே, இனிமேல் கெட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். "நான் குடுக்கல" என்று சொல்லி உள்ளங்கையைச் சூடத்தின் மேல் வைத்து அமுக்கினேன்.

ஆறாம் நம்பர் ரூமில் இருந்த யாத்திரைக்காரரை எழுப்பிவிட்டுக் கட்டிலை எடுத்துக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். பாம்பன் பாலத்தில் வண்டி ஏறும்போது அய்யா, "கை எரியுதா?" என்று கேட்டார். "இல்லய்யா" என்றேன்.

அய்யா நாலு நாள் உட்கார்ந்து கட்டிலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வார்னிஷ் அடித்தார். புதுக் கட்டில்கூட அதனிடம் தோற்றுப்போகும். மாப்பிள்ளையின் அம்மா சீர் பார்க்க வந்தபோது அதில்தான் உட்கார வைத்தோம். அவள் கையால் தடவிப் பார்த்தாள்.

"நல்ல கனமா இருக்கே. எங்கனண்ணே செஞ்சீக?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் சூடத்தையே அணைத்துவிட்டு வந்திருக்கிறேன், இவருக்கு ஒரு ஆசாரி பெயர் வாயில் வரக் கூடாதா? அய்யா அரிச்சந்திரன் மாதிரி, "மூத்தவளுக்குச் செஞ்சதும்மா. இப்பத்தான் ராமேஸ்வரத்துலருந்து வந்துச்சு" என்றார்.

தேள் கொட்டினது மாதிரி அவள் எழுந்தாள். சேலையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. அத்துவிட்டு வந்த கட்டில்ல எம்மகன எப்பிடிப் படுக்க வைக்க? கடையில அட்டைப் பெட்டியில போட்டு விக்கிறான்ல, அது போதும். ஒரு வருசம் இருந்தாலும் புதுசா இருக்கணும்."

கட்டிலா என்னை அடித்தது? கட்டிலா மதுரையில் இன்னொருத்தியை வைத்திருந்தது? கேட்க வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. நாகஜோதி என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். உள்ளே போய்விட்டேன்.

அய்யா இரண்டு கிடாயை விற்று ராமநாதபுரத்தில் கட்டில் வாங்கினார். அதே மாதிரி மூன்று அட்டைப் பெட்டி. பூட்டிக் கொடுக்க ஆள் அனுப்புகிறோம் என்றவர்கள், சிக்கல் பக்கம் என்றதும் கைவிரித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, சீர் பரப்ப வேண்டும், பெரியப்பா மகன் மருதுபாண்டியும் அவன் கூட்டாளியும் பலகைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு விழித்தார்கள். மருதுபாண்டி சுத்தியலைத் தேடினான்.

"ஏலே, இதுக்கு ஆணி அடிக்கக் கூடாதுல. திருகணும். தள்ளு, நான் பூட்டுறேன்" என்று உள்ளே நுழையப் போனேன்.

நாகஜோதி நலங்கு வைத்த முகத்தோடு ஓடிவந்து நிலைப்படியில் மறித்தாள்.

"அக்கா, நீ தொடாத."

"எனக்குத்தான்டி இது தெரியும்."

"தெரியும்க்கா. மாப்பிள்ளை வீட்டு அத்தை போன்லயே சொல்லிட்டாக, கட்டில நீ தொடக் கூடாதுன்னு. எனக்கும் மனசு ஒரு மாதிரி இருக்கு. கோவிச்சுக்காத. வாசல்ல நின்னு சொல்லு, அவுக பூட்டட்டும்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்காக அல்ல, என்னைப் பார்த்துப் பயந்து. பொய்ச் சத்தியம் பண்ணி நான் கொண்டுவந்த கட்டில் மாட்டுக்கொட்டகை ஓரம் கிடந்தது. அவள் அந்தப் பக்கம்கூடப் போவதில்லை.

வாசலில் போய் நின்றேன். வெயில் சுள்ளென்று அடித்தது. அங்கிருந்தே சொன்னேன். அது தலைமாட்டுப் பலகைலே, திருப்பிப் போடு. சின்ன ஸ்க்ரூ இப்ப வேண்டாம், முதல்ல பெரிசு. மருதுபாண்டி நான் சொல்லச் சொல்லச் செய்தான். ஒரு மணி நேரத்தில் கட்டில் எழுந்து நின்றது. வெள்ளை வெளேர் என்று நன்றாகத்தான் இருந்தது. பெண்கள் கூடி அழகு பார்த்தார்கள்.

அந்தக் கட்டிலுக்கு நடுவில் முட்டுக் கொடுக்க ஒரு கால் உண்டு. தனிப் பொட்டலமாக வரும். அது இல்லாமலும் கட்டில் நிற்கும், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு பேர் படுத்தால் ஒரு மாதத்தில் நடுப்பலகை முறிந்துவிடும்.

மருதுபாண்டி காலி அட்டைப் பெட்டிகளை மடக்காமலே வாசலுக்கு எறிந்தான். ஒரு பெட்டியின் மூலையில் அந்தப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"அவ்வளவுதானக்கா? எதும் விட்டுப் போகலையே?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"இல்லலே, எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.