லேத் அறையில் செருப்புக்கு இடமில்லை

மனித குலத்தையே மாற்றியமைத்த தொழிற்புரட்சி, கம்பம் பள்ளத்தாக்கில் 2003ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழிந்து பகல் பன்னிரண்டு ஐந்துக்கு வந்து சேர்ந்தது. பன்னிரண்டு ஆறுக்குக் கரண்ட் போயிற்று.

சுருளிப்பட்டி சாலையிலிருந்த மேல்நிலைப் பள்ளியில், தொழிற்பிரிவு மாணவர்கள் இரும்பைக் கடைந்து பழகுவதற்காக வந்த லேத் மிஷின் அது. சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டிவிட்டார். "இனி நம் பிள்ளைகள் ஜப்பானுக்கே சவால்" என்று தலைமையாசிரியர் வைகுண்டராஜ் பேசியும் விட்டார். பச்சைப் பொத்தானை அமுக்குவது மட்டும் பாக்கி. கரண்டுக்குக் காத்திருந்தால் சாப்பாடு ஆறிவிடும். அமுக்குவதுபோல ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனார்கள். 'லேத் இயக்கி வைக்கப்பட்டது' என்று பதிவேட்டில் ஏறியது.

பதிவேட்டில் புதிதாக இருப்பது, தணிக்கைக்கு வருகிறவர் கண்ணுக்கும் புதிதாக இருக்க வேண்டும் என்பது வைகுண்டராஜின் கொள்கை. லேத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, பிளாஸ்டிக் உறை மாட்டி, அதன்மேல் மஞ்சள் துணி போர்த்தினார்கள். அறைக்குள் செருப்புக்குத் தடை வந்தது.

தொழிற்கல்வி ஆசிரியர் வீரணனுக்கு இதில் வருத்தமில்லை. அவர் படித்தது படம் வரைய. லேத்தின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பலகையில் போடுவார்; லேத்தைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்பார். செய்முறை வகுப்பில் பிள்ளைகள் வெறுங்காலோடு கைகட்டி வரிசையில் நிற்க, சுவரில் தொங்கிய படத்தை மூங்கில் குச்சியால் காட்டுவார்.

"இது சக். இரும்பைக் கவ்விப் பிடிக்கும். அங்கன இருக்கிறதும் இதேதான். தொடாதீக."

ஆயுத பூஜையன்று மட்டும் தொடலாம். சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி படைப்பார்கள்.

வேறு பிரிவில் இடம் கிடைக்காமல் அங்கே வந்து சேர்ந்தவள் பவானி. ஆனாலும் அந்தப் படத்தை விடாமல் படித்தாள். அவள் அம்மா அக்கம்மாள் தினமும் விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்து, மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். பரீட்சை முடிந்ததும் மகளுக்கும் அதே ஜீப்பில் இடம் சொல்லி வைத்திருந்தாள்.

2005 ஏப்ரலில் கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்றிலிருந்து போன் வந்தது. பயிற்சிக்குப் பெண்பிள்ளைகள் வேண்டும். தங்க இடமும் சம்பளமும் உண்டு. பள்ளி லேத்திலேயே ஒரு கம்பியைக் கடைந்து காட்ட வேண்டும். வைகுண்டராஜின் மேசையில் சாமி படங்களுக்கே இடம் போதாது. டெலிபோன் ஜன்னலோரம், பூப்போட்ட துணி விரித்த ஒரு மரப்பெட்டியின்மேல் இருந்தது. நல்ல கனமான பெட்டி, ஆடாது.

"மிஷின் ஓடுதுங்களா?" என்றது போன்.

"என்ன இப்படிக் கேட்டுட்டீக! தவறாம பூசை போட்டு வச்சிருக்கோம்."

அன்று வீட்டில் அக்கம்மாள் கேட்டாள். "ஏத்தா, ஜீப்புக்காரக கேட்டாக. திங்கக்கிழமை வாறியா?"

"பொறும்மா. வெள்ளிக்கெழம கம்பெனியில இருந்து வாராக. இரும்பக் கடையச் சொல்லுவாக."

"நீ கடைஞ்சிருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"நானுந்தேன் பத்து வருசமா மொதலாளி காரைப் பாக்குறேன். ஓட்டவா சொல்றாக?"

வெள்ளிக்கிழமை கம்பெனியின் இன்ஜினியர் பாண்டியராஜன் வந்தார். வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"வெறுங்காலோடவா? இரும்புச் சுருள் காலைக் கிழிச்சுருமுங்க!"

"அது ஒரு மரியாதை சார்" என்றார் வைகுண்டராஜ்.

முதலில் பவானியை அழைத்தார்கள். எந்த இரும்புக்கு எவ்வளவு வேகம், வெட்டும் உளியை எந்தக் கோணத்தில் வைப்பது, எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னாள்.

"அருமைங்க. யாரு கத்துக் குடுத்தது?"

"சுவத்துப் படம் சார்."

"சரி, ஓட்டிக் காட்டு."

பவானி உறை கழற்றிய லேத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினாள்.

"கரண்ட் போயிருச்சு போல" என்றார் வைகுண்டராஜ்.

"ஏலே, ஃபேன் ஓடுதுடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஓடிற்று.

பாண்டியராஜன் லேத்துக்கும் சுவருக்கும் இடையே டார்ச் அடித்துப் பார்த்தார். "மோட்டார் எங்கீங்க?"

வைகுண்டராஜ் வீரணனைப் பார்த்தார். வீரணன் சுவரைப் பார்த்தார். "படத்துல இருக்கு சார்."

இன்ஜினியர் கையில் ஒட்டிய பழைய சந்தனத்தூளைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "நல்லா படிச்சிருக்கேம்மா. கடைஞ்சு காட்டாம நான் மார்க் போட முடியாதே."

"அடுத்து எங்க சார் போறீக? அங்கன வந்து கடைஞ்சு காட்டுறேன் சார்."

"சின்னமனூர்ப் பள்ளிக்கு. அங்க இருக்கிற பிள்ளைகளுக்கே நேரம் பத்தாதும்மா."

அவர் கார் திரும்பிய பிறகும் பவானி செருப்பைத் தேடவில்லை. வெயிலில் வெறுங்காலோடு நின்றாள்.

திங்கட்கிழமை விடியுமுன் அக்கம்மாளின் மடியில் பாதியும் பக்கத்து ஆள் மடியில் பாதியுமாக உட்கார்ந்து ஜீப்பில் மலையேறினாள். ஜீப்பில் யாரும் எதையும் கடைந்து காட்டச் சொல்லவில்லை.

அன்று காலை பத்தரை மணிக்கு வைகுண்டராஜ், லேத் அனுப்பியவர்களுக்குப் போன் போட்டு, மோட்டார் இல்லாமல் மிஷினை அனுப்பி ஒரு தலைமுறையையே ஏமாற்றிவிட்டார்கள் என்று அரைமணி நேரம் கத்தினார். மோட்டார் தனிப் பெட்டியில் வந்தது, வாங்கிக்கொண்டதற்கு உங்கள் கையெழுத்து இருக்கிறது என்றார்கள்.

டெலிபோன் அந்தப் பெட்டியின் மேல்தான் இருந்தது.