வலது சக்கரத்து ரப்பர்

கட்டெறும்பு மறுபடியும் வலப்பக்கம் ஒதுங்கியது. வாசலில் வைத்து நேராகத்தான் விட்டாள் பெர்சிஸ். பாதி அறை தாண்டுவதற்குள் சாக்கடைப் பக்கத்து ஜன்னல் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கட்டெறும்பு அவள் செய்த சண்டை ரோபோ. பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார் இரண்டு, விளையாட்டுக் காரின் ரிமோட், எவர்சில்வர் தட்டுகளை மடக்கிச் செய்த உடம்பு, எதிரியைக் கிழிக்க முன்னால் சுழலும் தகடு. வயிற்றில் இருந்ததோ வீட்டு விளக்குக்கான பேட்டரி. பர்மாவின் அந்தத் தாகேதாப் பேட்டையில் கரண்ட் வருகிறபோது சார்ஜ் ஏற்றி, போகிறபோது எரிப்பார்கள்.

மோட்டாரைப் பிரித்துச் சுத்தம் செய்தாள். எடையைச் சரிபார்த்தாள். கடைசியில் இடது மோட்டாரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டாள். அப்போதும் அதே ஜன்னல், அதே முட்டல். அந்த இடத்திலாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இறங்கிவிட்டால் பெர்சிஸுக்குக் கண் எதிரே இருப்பது தெரியாது.

சைக்கிள் ட்யூபை வெட்டி வலது சக்கரத்தில் மட்டும் ஒரு சுற்று ஒட்டினாள். அந்தப் பக்கம் கொஞ்சம் பெரிதானதும், கட்டெறும்பு வாசலிலிருந்து அப்பாவின் கட்டில் வரை கோடு போட்டதுபோல ஓடியது. திரும்பி வர அந்த அறையில் இடமில்லை. ஒவ்வொரு தடவையும் அவள்தான் அதைத் தூக்கி வந்து வாசலில் வைத்தாள்.

"நேரா வருதும்மா," என்றார் ஏசுரத்தினம் கட்டிலில் படுத்தபடி. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு இடது கையும் காலும் வரவில்லை. அம்மா இல்லை. அவரைத் தூக்கி உட்கார வைப்பதிலிருந்து கஞ்சி ஊட்டுவது வரை எல்லாம் பெர்சிஸ்தான்.

சனிக்கிழமைப் போட்டியில் ஜெயித்தால் சிங்கப்பூர் பட்டறை ஒன்றில் சம்பளத்தோடு இரண்டு வருஷப் பயிற்சி. ரோஸ் அத்தை தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "சம்பளத்தோட போறேன்னா அண்ணன நான் பாத்துக்கிறேன். சும்மா ஆசைக்குப் போறதுன்னா என்னால ஆகாது." ஆக, ஜெயித்தால் கதவு திறக்கும். இல்லாவிட்டால் முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் இதே அறை, இதே கஞ்சிச் சட்டி. அதை நினைத்தால் அவளுக்கு எங்காவது ஓடிவிடத் தோன்றும். அப்படி நினைத்ததற்காகப் பிறகு அப்பாவின் காலை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பிடித்துவிடுவாள்.

சனிக்கிழமை பஸ் கோளாறு செய்து, அவள் போய்ச் சேர்ந்தபோது ஒத்திகை நேரம் முடிந்திருந்தது. சிமெண்டுத் தளத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். விசில் அடித்ததும் நேராகப் போ என்று அழுத்தினாள். கட்டெறும்பு இடப்பக்கம் போயிற்று. வலதுக்கு இழுத்தால் அதிகமாகத் திரும்பியது, விட்டால் மறுபடி இடதுக்கு. எதிரியின் ஆப்பு வடிவ ரோபோ நிதானமாக வந்து அடியில் நுழைந்து கவிழ்த்தது. தோற்றால் வெளியே என்பதுதான் விதி.

"நல்லா செஞ்சிருக்கீங்க, மா பெர்சிஸ். அடுத்த வருஷம் வாங்க," என்று மரியாதைக்கு 'மா' சேர்த்துப் பர்மியில் சொன்னார் போட்டி நடத்தும் கோ சோ மின்.

ஓரமாக உட்கார்ந்து பிரித்தாள். ஒயர் சரி, மோட்டார் சரி. கழற்றிய பேரிங் குண்டு ஒன்று கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. உருண்டு ஓடாமல் பிடிக்க, பழக்கதோஷத்தில் வலப்பக்கம் கையை நீட்டினாள். குண்டு ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் மாத்திரை கீழே விழுந்தால் ஜன்னலடியில்தான் தேடுவாள். வீட்டைத் தாங்கும் தூண்களில் சாக்கடைப் பக்கத்துத் தூண் சேற்றில் இறங்கியதால் கட்டிலின் அந்தப் பக்கத்துக் கால்களுக்குச் செங்கல் வைத்தவளும் அவளேதான். தண்ணீர்ப் பானைக்கு, அலமாரிக்கு, அடுப்புக்கு, எல்லாவற்றுக்கும் செங்கல். செங்கல் இல்லாமல் தரையில் ஓடியது கட்டெறும்பு மட்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ரோஸ் அத்தை அப்பாவுக்குச் சோறு ஊட்டி முடித்திருந்தாள். பெர்சிஸின் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"என்னம்மா ஆச்சு?"

"தோத்துட்டேன் ப்பா."

"அடடா," என்றார் ஏசுரத்தினம். அவர் முகத்தில் வருத்தம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்து போயிற்று. நிம்மதி. அதை மறைக்க அவர் பட்ட பாட்டையும் அவள் பார்த்தாள். அவர்மேல் பொங்கிய கோபம் போக இடமில்லாமல் அவளுக்குள்ளேயே திரும்பியது.

"வீடு சாஞ்சிருக்கு ப்பா. அதான்."

"வீடா? எனக்கு நேராத்தானம்மா தெரியுது."

அவள் கட்டெறும்பை மடியில் வைத்து வலது சக்கரத்து ரப்பரை நகத்தால் உரித்தாள். வாசலில் வைத்து நேராக விட்டாள். அது வலப்பக்கம் ஒதுங்கி, ஜன்னல் சுவரில் போய் முட்டியது.

"நிறுத்தும்மா," என்றார் அப்பா. "பேட்டரி போயிரும். வெளக்குக்கு வேணும்ல."

பெர்சிஸ் ரிமோட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. சக்கரங்கள் தரைப் பலகையில் வழுக்கிச் சுழன்றுகொண்டே இருந்தன.