கண் வைக்காத சுவர்

கிழக்கு வெளுக்கும் முன்னே கோமு குறடும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். புது ரயில் நிலையத்தின் முகப்புச் சுவரில், பாபநாசத்து மலையில் தொடங்கி நாற்பதடி நீளத்துக்குத் தாமிரபரணி ஓட வேண்டும். அதற்கான டைல்ஸ் சில்லுகளை நறுக்கித் தள்ளுவது அவள் வேலை. குறடு நெரிக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு துணுக்கு தெறிக்கும். விரலெல்லாம் கீறல். அதில் சிமெண்டுத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். மெட்ராஸில் உட்கார்ந்து படம் வரைந்து அனுப்பிய புண்ணியவானுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

பக்கத்துச் சாக்கு காலியாகக் கிடந்தது. முந்தாநாள் வரை அதில் சுடலைவடிவு இருந்தாள். ஒரு சில்லு தெறித்து அவள் வலது கண்ணில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஜீப்பில் வைத்துக் காண்டிராக்டர் ஆவுடைநாயகம் கோமுவிடம் பதமாகச் சொன்னார்.

"டாக்டர் கேட்டா, வீட்டுல விறகு கீறும்போது பட்டுச்சுன்னு சொல்லு. வேலையில பட்டதுன்னா போலீசு, விசாரணைன்னு வேலையவே நிப்பாட்டிருவான். பதினாலு குடும்பமும் தெருவுலதான்."

கோமு அப்படியே சொன்னாள். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படியே ஏறிவிட்டது. பாவி மகள், தன் வாயாலேயே சொன்னாள்.

நேற்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அந்தக் கண் போய்விட்டது. உடனே மதுரைக்குக் கொண்டுபோகாவிட்டால் மற்றதும் போகலாம்.

எட்டு மணிக்கு ஆவுடைநாயகத்தின் ஜீப் வந்தது. கோமு எழுந்து போய் முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, வடிவக்காவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும். வேலையில பட்டதுன்னு எழுதிக் குடுங்க, செலவுக்கு நஷ்டஈடாவது கெடைக்கும்."

"வீட்டுல விறகு கீறுனதுக்கு நானா ஜவாப்பு? நீதானம்மா டாக்டர்ட்ட சொன்ன?"

பழியை அவள் தலையில் கட்டிவிட்டு, அவர் பாட்டுக்குச் சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"ஏ நெல்லையப்பா, நாளைக்குத் திறப்பு விழா. ஒரு மூஞ்சியிலயும் கண்ணக் காணமே, என்னவே இது?"

குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள், நாற்று நடுகிறவர்கள் என்று சுவரில் முப்பது பேர். எல்லார் முகத்திலும் கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சிமெண்டு. நெல்லையப்பன் கொத்தனார் கோபுரத்துச் சுதை வேலையில் பழகிய ஆள். சாமியானாலும் சரி, துணி துவைக்கிறவளானாலும் சரி, கடைசி நாளில் குளித்துவிட்டு வந்துதான் கண் வைப்பார். இன்றைக்கும் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

சாரத்திலிருந்து பைய இறங்கினார்.

"வைக்க மாட்டேன் அண்ணாச்சி."

"என்னது?"

"கண்ணு போனவ பொய்ச் சீட்ட வச்சிக்கிட்டு அங்கன கெடக்கா. இங்கன நான் முப்பது பேருக்குக் கண்ணு தொறக்கவா? கை வராது."

"நீ என்னவே வைக்கது? கறுப்புப் பெயிண்ட எடுத்து நானே புள்ளி வச்சிருவேன்!"

"தாராளமா வையுங்க. சாரத்துல பாத்து ஏறுங்க."

யாரோ சிரித்தார்கள். ஒவ்வொருவராகக் கரண்டியையும் குறடையும் கீழே வைத்தார்கள்.

"இப்பம் வெளிய போறவன் எவனும் திரும்பி உள்ள வரப்பிடாது!" என்று கத்தினார் ஆவுடைநாயகம்.

"நான் சொன்ன பொய்ய நானே போயி மாத்துதேன்" என்று சொல்லிவிட்டுக் கோமு நடந்தாள். தனியாகத்தான் போக நினைத்தாள். ஆற்றுப்பாலம் ஏறும்போது திரும்பிப் பார்த்தால், பன்னிரண்டு பேரும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கோமு நடந்ததைச் சொல்லச் சொல்ல, டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"மதுரைக்கு எழுதித் தாரேன், இப்பவே கூட்டிட்டுப் போங்க. ஆனா பழைய சீட்ட நானா அடிக்க முடியாதும்மா. போலீசு விசாரிக்கணும். காண்டிராக்டரு இல்லன்னுதான் சொல்லுவாரு. பொய் சொன்னதுக்கு உனக்கும் சிக்கல் வரும். சாட்சி இருக்கா?"

கோமு தன் பெயரைச் சொன்னாள். அடுத்து நெல்லையப்பன் சொன்னார். பிறகு வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். எழுத இடம் போதாமல் டாக்டர் இன்னொரு தாள் எடுத்தார்.

இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்த சுடலைவடிவு, சத்தம் வந்த பக்கம் கையை நீட்டித் துழாவினாள்.

"ஏளா கோமு, யாரெல்லாம் வந்திருக்கிய?"

கோமு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும்தான்க்கா."