குடிதண்ணீர் டிரம்மில் படகு மோட்டார்

என் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி கூடலூரில் பம்ப்செட் மெக்கானிக். கைராசிக்காரர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மோட்டாரைத் தொட்டுவிட்டால், இது வீடா கடையா என்ற நினைப்பே அவருக்கு இருக்காது. நாலு நாளைக்கு ஒருமுறை வரும் குடிதண்ணீரைப் பிடித்து வைத்திருந்தேன். அந்த நீல டிரம்முக்குள் ஐம்பது வருடப் பழைய படகு மோட்டார் ஒன்று காலை விட்டு நின்றது.

"தண்ணிக்குள்ள நின்னாத்தான் ஓட்டலாம். இல்லைன்னா சூடாகிப் போயிரும்" என்றார்.

"எனக்கு மட்டும் சூடாகாதா?" என்று கத்தினேன்.

மோட்டார் ராயப்பன்பட்டி கிங்ஸ்லியுடையது. குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு ரிசார்ட் குளத்தில் படகு விடுகிறவர். "இதை மட்டும் ஓட வச்சுட்டீகன்னா, என் படகு மோட்டார் பூராவும் இனி நீங்கதாண்ணே பாக்கணும்" என்று சொல்லியிருந்தார். மழை பிடித்துவிட்டால் எவனும் பம்ப்செட் போட மாட்டான். மூன்று மாதம் கடையில் ஈ ஓட்டுகிற பிழைப்பு எங்களுக்கு. அந்த வேலை கட்டாயம் வேண்டும். அதனால்தான் டிரம்மைப் பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து கிங்ஸ்லி வருவதாகப் பேச்சு. அதற்குள் இவர் கார்புரேட்டரைக் கழுவி, பிளக்கை மாற்றி, பெட்ரோலில் ஆயில் கலந்து கயிற்றை இழுத்தார். பதினோராவது இழுப்பில் பிடித்தது. என்னையறியாமல் கைதட்டிவிட்டேன்.

அவர் முகம் மட்டும் தெளியவில்லை. மோட்டார் உறிஞ்சும் தண்ணீர் இன்ஜினைக் குளிர வைத்துவிட்டு, பின்னால் உள்ள சின்ன ஓட்டை வழியாகப் பீச்ச வேண்டுமாம். ஒரு சொட்டு வரவில்லை. உடனே அணைத்தார்.

"எங்கனயோ காத்து இழுக்குது" என்று பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டத்துக்குப் போனவர், ஒரு வாளிச் சாணிக் கரைசலோடு வந்தார். நான் "ஏங்க, ஏங்க" என்பதற்குள் டிரம்மில் கவிழ்த்துவிட்டார்.

"பம்ப்செட்டு தண்ணி எடுக்கலைன்னா சாணியத்தான ஊத்துவோம்? இடுக்கெல்லாம் அடைச்சுக்கிரும்."

"அடப் பாவி மனுசா! குடிக்கத்தான் ஆகாது, பாத்திரமாவது கழுவலாம்னு இருந்தேனே!"

வாசலில் பைக் நின்றது. "கிங்ஸ்லி அண்ணன் வந்துட்டாக" என்றேன். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். இவர் கயிற்றை இழுத்தார், ஓடியது. கிங்ஸ்லி குனிந்து ஓட்டையைப் பார்த்தார்.

"தண்ணி வரலையேண்ணே. முன்னாடி பாத்தவகளும் இந்த இடத்துலதான் முடியாதுன்னு கைவிட்டாக."

இவர் முகம் செத்துவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நிமிர்த்தி, "தள்ளுங்க" என்று ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தேன். காய்ந்த மண் ஒரு துண்டு விழுந்தது. குளவிக்கூடு! அடுத்த நொடி பச்சைத் தண்ணீர் பீச்சியடித்து, கிங்ஸ்லியின் முகத்தையும் சட்டையையும் நனைத்தது.

"சாணித் தண்ணி. நான்தான் ஊத்துனேன்" என்றார் இந்த மனுசன். வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா? வேலை போச்சு என்று நினைத்தேன்.

கிங்ஸ்லி முகத்தைத் துடைத்தார். சட்டையைப் பார்க்கவேயில்லை, பீச்சுகிற தண்ணீரைத்தான் பார்த்தார். "என்னா வீச்சு!" என்று சிரித்தார். "நாளைக்கே வந்துருங்கண்ணே. சாணி வேணாம், தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க."

அவர் போனதும் இவர் கையை நீட்டினார். "அந்த ஊக்கைக் குடு, டூல்ஸ் பெட்டியில போட்டுக்கிறேன்."

"ஊக்கு என் சங்கிலியிலதான் இருக்கும். வேணும்னா என்னையக் கூப்புடுங்க" என்றேன். "இப்ப டிரம்மக் கழுவுங்க."

கழுவினார்.