மண் நிறத்துப் போர்வை

வசந்தாமணிக்குத் துணி என்றால் போதும், சோறு தண்ணி வேண்டாம். கணவர் சின்னுசாமி வேலையாக ஈரோட்டுக்குக் கிளம்பினால் தானும் தொற்றிக்கொள்வாள். திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் ஒரு மூட்டை இருக்கும். சட்டைத்துணி மிச்சம், சுங்குடி ஓரம், பூப்போட்ட வெட்டுத்துண்டு என்று கையில் சிக்கிய எதையும் விடமாட்டாள். நாமக்கல்லில் மோகனூர் ரோட்டு வீட்டின் பின்னறை முழுக்க அவளுடைய ராஜ்ஜியம்தான். பித்தான்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில், லேஸ் எல்லாம் பிஸ்கட் டப்பாவில், பீரோவில் நிறம்வாரியாக அடுக்கிய துணி, கட்டிலுக்கு அடியில் இன்னும் மூட்டைகள். துண்டுகளைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, அடியில் பஞ்சும் உள்துணியும் வைத்துத் தைத்துப் போர்வையாக்குவாள். உறவில் எந்தக் குழந்தை பிறந்தாலும் வசந்தாமணியின் போர்வை ஒன்று போய்ச் சேர்ந்துவிடும்.

ஐம்பத்தேழாவது வயதில் அந்தக் கைக்கு என்னவோ ஆயிற்று. ஊசியில் நூல் கோப்பது பெரும்பாடானது. நேராக ஓட வேண்டிய தையல் பாதியில் சாய்ந்தது. வயசானால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று வெளியே சொல்லாமல் இருந்துவிட்டாள்.

அப்போது மகள் நித்யஸ்ரீக்காக ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். முழுக்க நீலத்திலேயே. கருநீலம், மயில்நீலம், வெளுத்த ஆகாய நீலம் என்று வருசக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த துண்டுகள். மாதக்கணக்கில் போராடி மேல்துணியை மட்டும் சேர்த்து முடித்து, கட்டிலில் விரித்துப் பார்த்தாள். மண்ணைக் குழைத்துப் பூசியதுபோல இருந்தது. எது கருநீலம், எது மயில்நீலம் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே அழுக்குப் பழுப்பு.

கை போனதோடு ரசனையும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சுருட்டி வைத்ததுதான். பிறகு தையல் மெஷின் பக்கம் போகவில்லை.

பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த நித்யஸ்ரீ பின்னறைக் கதவைத் திறந்ததும் தும்மினாள். மெஷின் மேலே தூசி படிந்திருந்தது.

"அம்மா, ஒரு வருசமாத் தொடாத சாமானெல்லாம் வெளிய போட்டுரணும்மா. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. பாதியாவது குறைச்சரலாமா?"

அம்மா சண்டைக்கு வருவாள் என்று அவள் தயாராகத்தான் நின்றாள். வசந்தாமணியோ வாசல்படியில் உட்கார்ந்தபடி, "பாதி எதுக்கு சாமி? எல்லாத்தையும் எடுத்துரு" என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"ஆமா. நான் இனி தைக்கப் போறதில்ல."

இரண்டு நாளில் அறை காலியானது. மோட்டார் மெஷின் வாழப்பாடியில் இருக்கும் சின்னுசாமியின் தங்கை மகள் சண்முகப்பிரியாவுக்குப் போனது. பித்தானும் லேசும் ஒரு பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்புக்கு. பெரிய கத்தரிக்கோலைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். துணி மூட்டைகளை, லாரி பாடி கட்டும் பட்டறையில் சீட் வேலை பார்க்கும் கண்ணுசாமி ஆட்டோவில் ஏற்றிப்போனார். பட்டறையில் கிரீஸ் துடைக்க எவ்வளவு துணி இருந்தாலும் போதாது. நீலப் போர்வையின் மேல்துணியை, மகள் கண்ணில் படாமல், வசந்தாமணியே ஒரு மூட்டையின் அடியில் திணித்து வாயைக் கட்டினாள்.

உண்மையைச் சொன்னால், முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஜன்னல் முழுசாகத் திறந்தது. பெருக்கினால் அறை சுத்தமானது. மத்தியானத்தில் சின்னுசாமி அங்கே கால் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டார். முடியாத வேலையை நினைவுபடுத்த எதுவும் மிச்சமில்லை.

சித்திரையில் அவர்களுடைய கோழிப்பண்ணையில் ஒரு வம்பு வந்தது. முட்டை பிரிக்க ஆள் வராத நாளில் வசந்தாமணி உட்கார்ந்து பிரித்தாள். கீறல் விட்ட முட்டைகள் நல்ல முட்டை அடுக்கும் அட்டையிலேயே போய்விட்டன. வியாபாரி போன் போட்டுக் கத்தினார். சின்னுசாமி ஒரு முட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தக் கீறல் உனக்குத் தெரியலையா?"

"எந்தக் கீறலுங்க?"

மறுநாளே சேலத்துக்குக் கூட்டிப்போனார். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்லயும் புரை நல்லா முத்தியிருக்கும்மா. இவ்வளவு நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். சமாளிக்கவில்லை என்பது வசந்தாமணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன், சில வாரம் கழித்து அடுத்த கண்ணுக்கு என்று முடிவானது. முதல் கண்ணின் கட்டு அவிழ்த்த காலையில் அவள் முதலில் பார்த்தது ஜன்னல் திரையை. அது அப்படி ஒரு நீலம். கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்தாள்.

"என்னங்கம்மா, கூசுதா?"

"இல்லீங்க. இந்தத் திரையை இப்பத்தான் மாத்துனீங்களா?"

டாக்டரம்மா சிரித்தார். "அதே திரைதான். புரை இருந்தா எல்லாமே பழுப்பாத் தெரியும். நீலத்தைத்தான் ரொம்ப மறைக்கும்."

வீடு வரும் வழியெல்லாம் சின்னுசாமி வானத்தைக் காட்டினார், தன் சட்டையைக் காட்டினார். அவளோ மண் நிறத்தில் கட்டிலில் கிடந்த அந்தத் துணியை நினைத்துக்கொண்டிருந்தாள். கையும் ரசனையும் அவளை விட்டுப் போகவேயில்லை. மறைத்தது வெறும் புரை. அதை அறியாமல் தன் கையாலேயே மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறாள்.

காலியான பின்னறையின் நடுவில் போய் நின்றாள். மகளுக்குப் போன் போட்டாள்.

"ஏஞ்சாமி அத்தனையும் தூக்கிக் குடுக்க வெச்ச?"

"நீங்கதானம்மா எல்லாத்தையும் எடுக்கச் சொன்னீங்க..." என்றாள் மகள்.

"ஆமா கண்ணு. நாந்தான் சொன்னேன். உன்னையச் சொல்லி என்ன பண்றது?"

இரண்டு கண்ணும் தேறியதும், மெஷினைத் திருப்பிக் கேட்டுவிடுவது என்று வாழப்பாடிக்குப் பஸ் ஏறினாள். சண்முகப்பிரியா வாசலில் பலகை மாட்டியிருந்தாள். அறை நிறையப் பள்ளிச் சீருடைகள் அடுக்கியிருந்தன. "அத்தை, உங்க மெஷின் ராசிங்க அத்தை!" என்று அவள் ஓடிவந்து கையைப் பிடித்ததும் வசந்தாமணிக்கு மெஷினைக் கேட்க வாய் வரவில்லை. காபி குடித்துவிட்டு, தோட்டத்துக் கத்தரிக்காயை ஒரு பை வாங்கிக்கொண்டு திரும்பினாள். பக்கத்து வீட்டுக் கத்தரிக்கோல்தான் அவளை அழவைத்தது. அதை வைத்துக் கம்பி வெட்டியிருந்தார்கள். அலகு முழுக்கப் பல் பல்லாகப் போயிருந்தது.

மிச்சம் இருந்தது பட்டறை ஒன்றுதான். வெட்கத்தை விட்டுப் போய் நின்றாள். பாடி இல்லாத லாரிகள் எலும்புக்கூடாக வரிசையில் நிற்க, வெல்டிங் பொறி தெறித்தது. ஓரத்தில் ஒரு டிரம் நிறையக் கறுத்துப்போன துணி. மேலே கிடந்ததில் ஒரு மாம்பூ ஓரம் தெரிந்தது. அது எந்த வருசம் எந்தக் கடையில் வாங்கியது என்றுகூட அவளுக்கு நினைவு வந்தது.

"வாங்கக்கா. கண்ணு தேவலைங்களா?" கண்ணுசாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தேவலைங்க தம்பி. அந்த மூட்டையில ஒரு பெரிய துணி... துண்டு துண்டாச் சேத்துத் தைச்சது..."

"அதைத் தேடியா வந்தீங்க? அது ஒண்ணை மட்டும் கிழிக்க மனசு வரலீங்கக்கா. இப்படி வாங்க."

வண்ணமடித்து முடித்த ஒரு புது லாரியின் கதவைத் திறந்துவிட்டார். வசந்தாமணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்து மேலே ஏறினாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், படுக்கிற பலகையின் மேல், அது விரிந்து கிடந்தது.

தான் தைத்ததை அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள். ஓரத்தில் கருநீலம், உள்ளே போகப்போக மயில்நீலம், நடுவில் விடிகிற வானம்போல வெளிறிய நீலம். மனசில் நினைத்து வைத்திருந்த அதே வரிசை. கண் தெரியாமலேகூடக் கை சரியான துண்டைத்தான் எடுத்திருந்தது. அவள் அதன் ஓரமாக உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

கீழே நின்றிருந்த இளைஞன் தலையை நீட்டினான். வண்டியின் டிரைவர் மதன். "நீங்க தைச்சதுங்களா அக்கா? இந்த வாரம் நாக்பூர் லோடுங்க. இதுல படுத்துட்டுப் போலாம்னு இருந்தேன். உங்குளுதுன்னா எடுத்துக்கங்க."

எடுத்துக்கொள்ளத்தான் வந்திருந்தாள். ஆனால் விரல் ஒரு தையலில் இடறியது. லேசாக இழுத்ததும் பிரிந்து வந்தது. அடுத்த தையலும் அப்படியே. நிறம் தப்பாதபோதும் தையல் தப்பியிருந்தது.

"இதுல படுத்தீங்கன்னா ஓசூர் தாண்டறதுக்குள்ள நார்நாராப் போயிருமுங்க. குடுங்க, சரி பண்ணித் தாரேன்."

"திருப்பித் தருவீங்களாக்கா?" மதன் சிரித்தான்.

"தர மனசில்லைங்க. ஆனாலும் தாரேன்."

சொன்ன பிறகுதான் மெஷின் இல்லை என்ற நினைவு வந்தது. கண்ணுசாமி தன் மெஷினைக் காட்டினார். ரெக்சினும் பஞ்சும் தைக்கிற கனத்த மெஷின். வசந்தாமணி பயந்துகொண்டே உட்கார்ந்தாள். வீட்டு மெஷின் மூன்று அடுக்குக்கே முக்கி முனகும். இதுவோ கெட்டிப் பஞ்சைக்கூட இட்லியைப்போலக் குத்திக்கொண்டு ஓடியது. கோணல் தையலை எல்லாம் பிரித்து நேராகப் போட்டாள். உள்துணி வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தாள். சின்னுசாமி மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து, வெல்டிங் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

லாரி கிளம்பிய காலையில் அவள் ரோட்டோரம் நின்றாள். வண்டி திரும்பி மறைந்ததும் முந்தானையால் கண்ணை ஒற்றினாள்.

"ஏன், அழறியா?" என்றார் சின்னுசாமி.

"சொட்டு மருந்து விட்டேனுங்க."



அடுத்த வாரம் கண்ணுசாமியே போன் போட்டார். இன்னொரு வண்டிக்காரர் அந்தப் படுக்கையைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டுமென்கிறாராம். "மெஷின் மத்தியானத்துக்கு மேல சும்மாத்தான் இருக்குதுங்கக்கா. வாரீங்களா?"

"வாரேன்" என்று சொல்லிவிட்டு, மகளையும் கூப்பிட்டாள். "உனக்கு வெச்சிருந்த போர்வை நாக்பூர் போயிருச்சு கண்ணு. வேற தைக்கறேன். என்ன நிறம் வேணும்?"

"நீங்களே பாத்து எடுங்கம்மா" என்றாள் நித்யஸ்ரீ. "கொஞ்சமா வாங்குங்க, என்ன?"

"ஒரு பைக்கு மேல வாங்கமாட்டேன்" என்றாள் வசந்தாமணி. அதைச் சொன்னபோது அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை ஈரோட்டில், பழகிய கடையில், முதலாளி பச்சைத் துணி ஒன்றை மேசைமேல் விரித்துப்போட்டார். எத்தனை மீட்டர் கிழிக்கட்டும் என்று கேட்டார்.

"செத்த இருங்க. வெளிச்சத்துல வெச்சுப் பாத்துட்டு வாரேன்."

துணியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, அவள் வெயிலில் இறங்கினாள்.