புகை இழுக்காத மோட்டார்

மோட்டார் மெக்கானிக் ரெக்சன் மறுபடியும் ஏணியில் ஏறியபோது எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியிருந்தது. துறைமுகம் போகும் சாலையில் பரோட்டாக் கடை நடத்துகிறேன். அடுப்படிப் புகையை இழுத்து வெளியே தள்ள வேண்டிய மோட்டார் ஒரு வாரமாக ஓடத்தான் செய்கிறது. புகை மட்டும் நகர மாட்டேன் என்கிறது.

மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், காயில், நன்றாக இருக்கிறது என்றான் ரெக்சன். பேரிங்கை மாற்றினான். புகைக்குழாயில் அடைத்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை வழித்துப் போட்டான். ஒன்றுக்கும் பிரயோஜனமில்லை.

பரோட்டா மாஸ்டர் சுடலைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டே கல்லுக்கு முன்னால் நின்றார்.

"இன்னைக்குச் சரியாகலைன்னா நாளைக்கு ஆறுமுகநேரிக்குப் போயிருவேன், சுந்தரி. மச்சான் கடைக்குக் கூப்பிடுதான்."

அவர் கைப்பக்குவத்துக்காகத்தான் லாரிக்காரர்கள் என் கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டுகிறார்கள். அவர் போனால் நான் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

"இருங்க அண்ணாச்சி, இன்னைக்கு முடிஞ்சிரும்" என்று கெஞ்சினேன். கெஞ்சிப் பழக்கமில்லை எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

மேலே ரெக்சன், மோட்டாரை அடுத்த விசிறிக்கூட்டில் காய்ந்து ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினான். அடியில், விசிறி சுற்ற வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி தெரிந்தது. ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தான்.

"யக்கா, இது எதிர்ப்பக்கமா சுத்துதுல்லா! மூணு வயர்ல ரெண்டு இடம் மாறிக் கெடக்கு. நான் இருந்தபடிதான் திரும்ப மாட்டுனேன். எனக்கு முன்னால யாரு கழத்துனா?"

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "போன வாரம் ஆயுதபூசைக்கு நாந்தான் கழத்தித் தொடச்சு, சந்தனம் பூசி மாட்டுனேன்."

ஒரு வாரமாக நான் இருமிய இருமல் எல்லாம் கோபமாகத் திரண்டு வந்தது.

"உமக்கு அறிவிருக்கா? வயரைத் தொட உம்ம யாரு சொன்னா? நீரே கெடுத்துட்டு, நீரே போவேன் போவேன்னு மெரட்டுதீரா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரெக்சன் இரண்டு வயரை மாற்றி மாட்டினான். புகை மடமடவென்று மேலே போனது. எதிர்ச்சுவர் பளிச்சென்று தெரிந்தது.

மாஸ்டர் தோள்துண்டை உதறினார். "மெரட்டலைம்மா. முன்கூட்டியே சொல்லிட்டுப் போறதுதான் மரியாதைன்னு நெனச்சேன்." பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடினார். சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் கூப்பிடவில்லை. அவர் மேலும் ஆத்திரம், என் வாய் மேலும் ஆத்திரம்.

வாசலில் லாரி ஒன்று வந்து நின்றது. "நாலு பரோட்டா!" என்று குரல் வந்தது. அடுப்படியில் துளிப் புகையில்லை. கல் காய்ந்துகொண்டிருந்தது, அதன் முன்னால் நிற்கத்தான் ஆளில்லை.