மூன்றாம் பதிப்புக் கணவர்

திங்கட்கிழமை குடியிருப்பு முழுவதும் நான்காம் பதிப்புக்கு மாறியது. அன்று காலையே தணிகாசலத்தின் மனைவி மரகதம் நாற்காலியானாள்.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அறுபது குடும்பங்களும் சேர்ந்து ஆடும் விளையாட்டுதான் அங்கே வாழ்க்கை. அதன் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். தணிகாசலத்தின் உடம்பு பழைய மாடல். புதுப் பதிப்பு அதில் ஏறவில்லை. மூன்றாம் பதிப்பு தனக்குத் தெரியாத எதையும் நாற்காலியாகக் காட்டும். பேச்சுக்கும் அதே கதி. யார் எதைச் சொன்னாலும் பழைய வாசகங்கள் மூன்றில் ஒன்றாகத்தான் வந்து சேரும்: வாழ்த்துகள்! நன்றாக ஆடினீர்கள்! மீண்டும் ஆடலாமா?

மேம்பாட்டு விழாவில் பொன்னாடை போர்த்திய நாற்காலி ஒன்று நாற்பது நிமிடம் மேடையில் பேசியது. அது பதினான்காம் எண் வீட்டுக்காரர், குடியிருப்புச் சங்கச் செயலாளர். தணிகாசலத்துக்கு 'வாழ்த்துகள்!' என்று மட்டும் கேட்டது. பேச்சில் எதுவும் விட்டுப்போனதாக அவருக்குத் தோன்றவில்லை.

மரகதம் விஷயம் வேறு. புதன்கிழமை அடுப்படி நாற்காலி வெகுநேரம் நடுங்கியது. 'நன்றாக ஆடினீர்கள்!' என்றது. முப்பத்தோரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை. அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

போதாக்குறைக்கு, தினமும் காலை ஏழு மணிக்கு அவர் தலையில் தண்ணீர் கொட்டியது. கூரை காய்ந்துதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், பழைய பதிப்புக்காரர்களின் குறை கேட்கும் பின்னோக்கு இணக்க அலுவலகத்துக்குப் போனார். வாசலில் பேனர்: 'பழையவர் எவரையும் கைவிடோம்.' நடக்க நடக்க நடைக்கூடம் நீண்டது. கால் விண்விண் என்று தெறித்தது. கோடியில் ஒரே ஒரு நாற்காலி. உட்கார்ந்தார்.

"எந்திரிங்க சார். நான்தான் அதிகாரி."

அந்த அறையில் மட்டும் இரண்டு பதிப்புக்கும் குரல் பொது.

"மன்னிச்சிடுங்க. என் சம்சாரத்தோட ஒரு வார்த்தை பேசணும்."

"நீங்க இருக்கீங்கன்னு படிவம் இருக்கா?"

"இதோ நிக்கிறேனே."

"அது மூணாம் பதிப்புல."

"அவ கண்ணுக்கு நான் எப்படித் தெரியறேன்? நாற்காலியாவா?"

"சேச்சே. அதெல்லாம் அந்தக் காலம். புதுசுல பழைய ஆளுங்கள பூந்தொட்டியா காட்டுறோம். எவ்ளோ கௌரவம் பாருங்க."

தணிகாசலம் தலையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

"தொட்டி நான்தான்னு அவளுக்குத் தெரியுமா?"

"அறிவிப்புல போட்டிருக்கு. முந்நூத்து நாப்பதாம் பக்கம்."

"அதை யாருங்க படிப்பா?"

"நானே படிக்கல. உங்க வீட்டம்மாவும் வந்தாங்க. புருஷனைக் காணோம்னு மனு. தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் குடுத்திருக்கேன். நாளைக்கு அவங்களுக்கு ரயில்."

"அவ போக வேண்டாம் சார்! நான் வீட்லதானே இருக்கேன்!"

"அப்ப ஓடுங்க. அஞ்சு மணியோட பழைய பதிப்புக்கு ஆதரவு நிறுத்தம். அதுவரைக்கும் நீங்க கத்துனா இலை ஆடும். அவ்ளோதான் நம்மால முடியும்."

வீட்டை அடைந்தபோது மணி நாலே முக்கால். நாற்காலி ஜன்னலோரம் நின்றது. எதிரே போய் நின்றார்.

"மரகதம், நான்தான். எங்கேயும் போகாத. நான்தான்டி!"

தொண்டை கிழியக் கத்தினார். நாற்காலி சற்று நேரம் அசையாமல் அவர் பக்கம் திரும்பியிருந்தது. பிறகு நகர்ந்து போய் ஜன்னலைச் சாத்தியது.

காற்று என்று நினைத்திருப்பாள்.

ஐந்து மணிக்கு நாற்காலியும் மறைந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தண்ணீர் விழுந்தது. வழக்கத்தைவிட ஒரு சொம்பு அதிகம். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் ஊற்றுகிற அளவு.

இரண்டு கைகள் அவரை இடுப்போடு தூக்கின. ஒரு கணம் மார்போடு அணைத்தாற்போல் இருந்தது. கனம் தாங்காமல் இருக்கலாம். செயலாளரின் பதினான்காம் எண் வாசலில் இறக்கிவிட்டு விலகின.

அங்கே சுவரோரமாக ஏற்கெனவே பதினோரு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லாரும் மூன்றாம் பதிப்பு.

"இங்க எத்தனை மணிக்குத் தண்ணி?" என்று கேட்டார் தணிகாசலம்.

"விழா வந்தா ஊத்துவாரு" என்றார் பக்கத்தில் நின்றவர். அவர் தலை காய்ந்து வெடித்திருந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். உங்க மேல இன்னும் ஈரம் இருக்கு. பார்த்தா கஷ்டமா இருக்கு."